அளவு கவுன்

கிழிந்த துணி வேண்டும் என்று கேட்டுத் தையல் கடைக்கு ஆள் வந்ததை என் ஆயுசில் அந்த ஒரு தடவைதான் பார்த்தேன். வளைகுடாவுக்கு வந்து சத்வாவில் நான் கத்தரி பிடித்தே பாதி ஆயுசு போய்விட்டது. அரபி வீட்டுக் கல்யாண உடுப்பு, பள்ளிக்கூட யூனிஃபார்ம், நர்ஸுகளின் வெள்ளைக் கோட்டு, ஊருக்குப் பெட்டியில் போகப்போகிற மனுஷனுக்குக் கடைசியாக ஒரு சட்டை என்று எல்லாம் வெட்டியிருக்கிறேன். கிழிப்பதற்கு ஆர்டர் எடுத்ததில்லை.

வந்தவன் விஜயபாஸ்கர், மதுரைக்காரன். கண்காட்சிகளுக்கு அரங்கு போட்டுக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். கழுத்தில் அடையாள அட்டை, காதில் போன், கையில் ஒரு போட்டோ.

"பாய், இதப் பாருங்க. இந்த மாதிரி துணி ஒரு சாக்கு வேணும். நாளைக்கே வேணும்."

போட்டோவில் இலையில்லாத ஒரு குட்டை முள்மரம். அடியில் கல் அடுக்கிய ஒரு கிணறு. மரத்தின் கிளையெல்லாம் கந்தல்கள் தொங்கின. கைக்குட்டை, ரிப்பன், குழந்தையின் காலுறை, சட்டையிலிருந்து கிழித்த துண்டுகள் எல்லாம் மழையில் நனைந்து நனைந்து நிறம் விட்டிருந்தன. எனக்கு நம் பக்கம் போலத்தான் தெரிந்தது.

"எந்த தர்காப்பா இது?" என்று கேட்டேன்.

"தர்காவா? அயர்லாந்து பாய்!" என்று சிரித்தான்.

விஷயம் இதுதான். எங்கள் கடையிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கும் பெரிய கண்காட்சி மண்டபத்தில் உலகத்து நாடுகளெல்லாம் சுற்றுலாவுக்கு ஆள் பிடிக்க வந்து உட்காரும். அந்த வருஷம், 2006-இல், அயர்லாந்தின் ஏதோ ஒரு பட்டிக்காட்டு மாவட்டமும் ஓர் அரங்கு எடுத்திருந்தது. அவர்களிடம் இருப்பதெல்லாம் இடிந்துபோன பழசுதான். கோபுரம், கோட்டை, மடம், கிணறு. அதையெல்லாம் தெர்மோகோலில் செய்து வைத்தால் பார்க்கிற அரபி டிக்கெட் எடுப்பான் என்று ஒரு நம்பிக்கை. அந்தக் கிணற்றுமரத்துக்குத்தான் துணி வேண்டுமாம்.

முதலாளி கல்யாணசுந்தரம் கும்பகோணத்துக்காரர். வந்த வேலையை வாசலோடு அனுப்புகிற வழக்கமே அவரிடம் கிடையாது. "அதுக்கென்ன, குடுத்துட்டாப் போச்சு" என்றார். என் வெட்டு மேஜைக்கு அடியில் கிடந்த வெட்டுத்துண்டையெல்லாம் அள்ளிச் சாக்கில் கட்டி அனுப்பினோம்.

மறுநாள் காலையில் சாக்கு அப்படியே திரும்பி வந்தது. கூடவே ஓர் அம்மாளும் வந்தார். நரைத்த தலை, ஒல்லி, வெயிலில் வெந்து சிவந்த மூக்கு. நொரீன் என்று பெயர் சொன்னார். அந்த மாவட்டத்தின் பழைய இடங்களைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரியாம். தையல் மெஷின்களுக்கு நடுவே நின்று சாக்கில் கைவிட்டு ஒரு பிடி துணியை எடுத்தார். விரலால் தேய்த்தார். தலையை ஆட்டினார்.

அவர் பேசியது இங்கிலீஷ்தான். ஆனால் மூச்சு விடாமல் ஓடுகிற இங்கிலீஷ். நான் பிடித்த வரைக்கும் சொல்கிறேன். இது புதுத் துணி, யார் உடம்பிலும் இருந்ததில்லை என்றார். அவர்கள் ஊரில் நோயாளி தான் உடுத்தியிருப்பதில் கிழித்துத்தான் கட்டுவானாம். மழையிலும் காற்றிலும் அந்தத் துணி மக்க மக்க நோயும் விட்டுப் போகுமாம். புதுத் துணியைத் தொங்கவிட்டதைத் தன் ஊர்க்காரர் யாராவது பார்த்தால் தன்னைக் காறித் துப்புவார்கள் என்றார்.

பொய் மரத்துக்கு மெய்யான கந்தல் கேட்கிறதா என்று எனக்கு எரிச்சல் வந்தது. அதைவிட, அந்த அம்மாள் சொன்னது சரியாக இருந்தது இன்னும் எரிச்சலாக இருந்தது. நான் சின்னவனாகக் காய்ச்சலில் கிடந்தபோது என் உம்மா தர்கா மரத்தில் தன் சேலைத் தலைப்பைக் கிழித்துத்தான் கட்டினாள். கடையில் போய் ஒரு முழம் வாங்கிக் கட்டவில்லை.

"நோ ப்ராப்ளம் மேடம், ஈவினிங் ரெடி" என்றார் முதலாளி. அவர் கண் கடையைச் சுற்றி வந்து அளவு அலமாரியில் நின்றது. எனக்கு ஜுமைராவில் ஓர் அரபி வீட்டில் உடுப்பு போட்டுப் பார்க்கும் வேலை இருந்தது. ஊசி டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அளவு அலமாரியைப் பற்றிச் சொல்லவேண்டும். உடம்பில் நாடா வைத்து அளக்க நேரமில்லாதவர்கள் தங்களுக்குச் சரியாக இருக்கும் பழைய சட்டை ஒன்றைக் கொடுத்து, இதே அளவில் தைத்துவிடு என்பார்கள். அதுதான் அளவுச் சட்டை. ஊரில் இருக்கிற பெண்டாட்டி பிள்ளைக்குத் தைக்க வேண்டுமானால் அங்கிருந்து அளவு ஜாக்கெட்டும் அளவு கவுனும் யாராவது ஆள் கையில் வந்து சேரும். தைத்ததையும் அளவையும் சேர்த்துத் திருப்பிக் கொடுப்போம். ஆனால் வளைகுடாவில் எல்லோரும் திரும்பி வருவதில்லை. ஒருவனுக்கு வேலை போயிருக்கும், ஒருவன் லீவில் போனவன் போனவன்தான். அவர்களுடைய அளவுகள் எங்கள் கடையில் மேல் அலமாரியில், கடிகாரத்துக்குக் கீழே, வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. முதலாளி அதைத் தூக்கிப் போட்டதில்லை, அன்று வரைக்கும்.

நான் திரும்பி வந்தபோது சாயங்கால அசர் தொழுகை நேரம் தாண்டியிருந்தது. அலமாரி காலி. சாக்கு போய்விட்டிருந்தது. கடையில் முதலாளியும் ஈசாவும் மட்டும் இருந்தார்கள். ஈசா என் ஊர்தான், கீழக்கரை. மெஷினில் உட்கார்ந்தால் தங்கமான கை. தை என்றால் தைப்பான், கிழி என்றால் கிழிப்பான், நடுவில் யோசனை என்று ஒன்று கிடையாது.

"என்ன முதலாளி இது? யாராச்சும் வந்து கேட்டா என்னத்தச் சொல்றது?" என்றேன்.

"வந்து கேக்கட்டும் பாய். மூணு வருஷமா எட்டிப் பாக்காதவனா நாளைக்கு வரப்போறான்?"

கத்தரியை எடுத்து என் வேலையைப் பார்த்தேன்.

கொஞ்ச நேரத்தில் அழகுமலை வந்தான். எங்கள் கடையில் நாலாவது ஆள், முதுகுளத்தூர்ப் பக்கம். குழந்தைகள் உடுப்பு தைப்பதில் சத்வாவிலேயே அவனுக்கு ஈடு இல்லை என்பது என் அபிப்பிராயம். விசா மெடிக்கலுக்காகக் காலையிலேயே போனவன், ரத்தம் எடுத்த இடத்தில் ஒட்டிய பஞ்சோடு வந்தான். முகத்தைக் கழுவிக்கொண்டு மெஷினில் உட்கார்ந்து மேலே ஒரு பார்வை பார்த்தான். தினமும் அவன் அப்படிப் பார்ப்பதை நான் கவனித்திருக்கிறேன். கடிகாரத்தைப் பார்க்கிறான் என்றே நினைத்திருந்தேன்.

"மாஸ்டர், மேல கெடந்ததெல்லாம் எங்க?"

சொன்னேன். சொல்லச் சொல்ல அவன் எழுந்து நின்றுவிட்டான்.

"நீலக் கவுனு ஒண்ணு கெடந்துச்சே. சின்னது. மஞ்சப் பூப் போட்டது."

"ஆமாண்ணே, அதுவுந்தான்" என்றான் ஈசா, மெஷினிலிருந்து தலையை எடுக்காமல். "பழைய துணிதானண்ணே, கத்திரி வச்சு ஒரு வெட்டு குடுத்ததும் சர்ருன்னு நேராப் போச்சு."

அழகுமலை உட்கார்ந்தான். மெஷின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டான். அவன் முகத்தைப் பார்த்த பிறகுதான் அது யாருடைய கவுன் என்று எனக்கு உறைத்தது.

அவனுக்கு ஒரே பெண், விஜி. போன தீபாவளிக்கு முந்தின தீபாவளிக்குப் பட்டுப்பாவாடை தைத்து அனுப்பச் சொல்லி, அவன் மனைவி சுந்தராம்பாள் ஊர்க்காரர் ஒருவர் கையில் அளவு கொடுத்தனுப்பியிருந்தாள். துணி எடுத்தாகிவிட்டது. வெட்டுவதற்கு முன்பே போன் வந்தது. மூளைக்காய்ச்சல். பிள்ளைக்கு ஆறு வயது. குழந்தைச் சாவு, அன்றைக்கே எடுத்துவிடுவார்கள். நீ வந்து சேர்வதற்குள் இங்கே ஒன்றும் இருக்காது என்று ஊரிலிருந்தே சொல்லிவிட்டார்கள். அவன் போகவில்லை. அதன் பிறகு வந்த லீவிலும் போகவில்லை. எங்களிடமும் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பட்டுத் துணியை யாருக்கோ கொடுத்துவிட்டான். அளவு என்ன ஆயிற்று என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

ஈசாவுக்கு அப்போதுதான் புரிந்தது. மெஷினை நிறுத்தினான். அவன் கண்ணெல்லாம் தண்ணீர். "அண்ணே, எனக்குத் தெரியாதுண்ணே, அல்லா மேல சத்தியமா தெரியாதுண்ணே" என்று அவன் சொல்லச் சொல்ல, அழகுமலைதான் எழுந்துபோய் அவன் தோளைத் தட்டினான்.

"ஒனக்கு எப்படிடா தெரியும்? நாந்தான சொல்லாம வச்சேன்."

முதலாளி எழுந்தார். ரேடியோவை அணைத்தார். விஜயபாஸ்கருக்கு போன் போட்டார். எல்லாவற்றையும் மரத்தில் கட்டி முடித்துவிட்டார்களாம், காலையில் திறப்பாம். "பாய், நாளைக்கு நீங்களே கூட்டிட்டுப் போங்க. உங்களுக்குத்தான் இங்கிலீஷ் வரும்" என்றார். பிறகு தன் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டு, கடை அடைக்கும் வரைக்கும் அழகுமலையின் பக்கம் திரும்பவேயில்லை.

மறுநாள் இரண்டு பேரும் நடந்தே போனோம். மே மாத வெயில். அழகுமலை தானாகவே பேசினான். அந்தக் கவுன் அவன் கடைசி லீவில் ஊரில் வைத்துத் தைத்ததாம். பிள்ளைக்கு அப்போது நாலு வயது. நாடாவை இடுப்பில் சுற்றினால் கூச்சத்தில் நெளிந்து நெளிந்து சிரிப்பாளாம். ஓர் அளவு எடுக்க ஒரு காலைப் பொழுது ஆயிற்றாம்.

"வளர்ற பிள்ளையாச்சேன்னு கீழ நல்லா உள்மடிப்பு விட்டுத் தச்சேன் மாஸ்டர். அவ அம்மா அதப் பிரிச்சு விட்டு ரெண்டு வருஷம் போட்டிருக்கா. இங்க வந்தப்ப பாத்தேன், பிரிச்ச எடத்துல மட்டும் துணி புதுசா, கோடு மாதிரி கெடந்துச்சு. இத்தனை வளந்திருக்காளான்னு வெரலால அளந்து பாத்தேன்."

"ரூம்ல பெட்டியில வச்சிருக்கலாமேப்பா" என்றேன்.

"பெட்டியில வச்சா செத்த பிள்ளை துணி மாஸ்டர். மத்ததுல கொஞ்சம் அவளோட போயிருச்சு, மீதிய அவ அம்மா கண்மாயில விட்டுட்டா. அலமாரியில தொங்குனா அது அளவு. இன்னும் ஒரு உருப்படி தைக்க வேண்டியது பாக்கின்னு அர்த்தம்."

என் பெண்கள் இரண்டு பேரும் கட்டிக்கொடுத்து நன்றாக இருக்கிறார்கள். அந்த நிமிஷம் அதுவே எனக்கு வெட்கமாக இருந்தது.

விஜயபாஸ்கர் வாசலில் நின்று, அரங்கு வேலையாட்கள் என்று அட்டை மாட்டி எங்களை உள்ளே விட்டான். உள்ளே போனதும் குளிர் அடித்தது. ஒவ்வொரு நாடும் தன் கடற்கரையையும் மலையையும் வெளிச்சம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தது. நொரீன் அம்மாளின் மாவட்டம் ஒரு மூலையில் இருந்தது. கொள்ளைக்காரர் வந்தால் சாமியார்கள் ஏறி ஒளிந்துகொள்ளும் வட்டக் கோபுரம், கூரை போன மடம், ஆற்றங்கரைக் கோட்டை, ஆள் உயரக் கல் சிலுவை. பஞ்சத்தில் செத்தவர்களை ஒன்றாகப் புதைத்த வயலின் படம் கூட ஒன்று பெரிதாக மாட்டியிருந்தது. செத்தவர்களைப் புதைத்த இடத்தையும் காட்டியா வா வா என்று கூப்பிடுவார்கள் என்று ஒரு நொடி நினைத்தேன். பிறகு, ஒவ்வொரு வருஷமும் நான் மட்டும் எங்கே போகிறேன், ஒரு அவுலியா அடங்கிய தர்காவுக்குத்தானே என்று தோன்றியதும் அந்த நினைப்பை விட்டேன்.

கிணற்றில் மோட்டார் வைத்துத் தண்ணீர் ஊற்று விட்டிருந்தார்கள். மரம் ஏதோ காய்ந்த மரத்தின் கிளைதான், அடியில் சிமெண்ட். அதில் எங்கள் கடை அலமாரி முழுக்கக் கந்தலாகத் தொங்கியது. கட்டம் போட்ட சட்டை ஒன்றை எனக்கு அடையாளம் தெரிந்தது. குவைத்தில் ஃபஹாஹீலுக்கு வேலை மாறிப் போன ஒருவனுடையது, நான்தான் அளவு பார்த்து வெட்டினேன். அரபிக் குடும்பம் ஒன்று மரத்தின் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது.

அழகுமலை அவர்கள் நகரும் வரைக்கும் ஓரமாக நின்றான். பிறகு மரத்துக்குப் பக்கத்தில் போனான். தேடவே இல்லை. அவன் கை நேராக ஒரு நீலத் துண்டுக்குப் போயிற்று. அதன் கீழ்முனையில் அந்தப் புதுநிறக் கோடு எனக்கே தெரிந்தது. முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தான்.

"நோ! நோ, ப்ளீஸ்!"

நொரீன் அம்மாள் ஓடி வந்தார். அரங்கைக் கெடுக்கிறான் என்று கத்துகிறார் போல என்று எனக்குச் சுர்ரென்று ஏறியது. என் இங்கிலீஷில் சொன்னேன். இது இவனுடைய துணி, தவறிப்போய் வந்துவிட்டது, வேறு எத்தனை வேண்டுமானாலும் தருகிறோம் மேடம்.

அவர் தலையை ஆட்டினார். அதற்கில்லை என்றார். மரத்தில் கட்டியதை அவிழ்க்கக் கூடாது. யார் கழற்றி எடுக்கிறார்களோ அவர்கள் மேல் அந்த நோய் ஏறிவிடும். சின்ன வயதில் ஒன்றைப் பிடித்து இழுத்ததற்கு அவருடைய அம்மா கையில் அடித்தாராம். காய்ந்த கிளையும் சிமெண்டுமாக நிற்கிற மரத்துக்கு இந்தப் பேச்சா என்று நான் சிரித்திருப்பேன். ஆனால் அவர் அழகுமலையின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். இவனுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்றுதான் ஓடி வந்திருக்கிறார்.

"யாருடைய துணி?" என்று கேட்டார்.

"இவன் மகளுடையது."

"அவளுக்கு உடம்பு சரியில்லையா?"

நான் விழித்தேன். அழகுமலை என் முகத்தைப் பார்த்தான். "என்ன கேக்குறாக மாஸ்டர்?"

"பிள்ளைக்கு ஒடம்பு சரியில்லையான்னு கேக்குறாங்க."

"இப்ப ஒண்ணுமில்லைன்னு சொல்லுங்க."

என்னால் அதைச் சொல்ல முடியவில்லை. மகள் இறந்துவிட்டாள், ஆறு வயது, காய்ச்சல், இவன் இங்கே இருந்தான் என்று நாலு வார்த்தையாகச் சொன்னேன். அந்த அம்மாள் அவன் கையை விட்டார். விட்டாலும், அவிழ்த்தால் நோய் ஏறும் என்பதை அவனிடம் சொல்லிவிடுங்கள், தெரிந்து செய்யட்டும் என்றார். சொன்னேன்.

அழகுமலை அந்த நீலத் துண்டைப் பிடித்தபடியே நின்றான். "வந்தா வரட்டும் மாஸ்டர்" என்றான். "அன்னிக்கு போன் வந்ததுலருந்து விடிய விடிய கேட்டேன். அந்தக் காய்ச்சல எனக்குக் குடு, பிள்ளைய விடுன்னு கேக்காத சாமி இல்ல. ஒண்ணும் குடுக்கலை. இப்பவாச்சும் குடுக்கட்டும்."

இங்கிலீஷில் நான் பேரம் பேசியிருக்கிறேன், போலீஸிடம் கெஞ்சியிருக்கிறேன், கஸ்டமரிடம் பொய் சொல்லியிருக்கிறேன். இந்த மாதிரி ஒன்றைச் சொன்னதில்லை. "அவனுக்கு அது வேண்டுமாம் மேடம்" என்று மட்டும் சொன்னேன்.

அவர் பின்னால் போய் ஏறி நிற்கிற பெட்டி ஒன்றை இழுத்துவந்து மரத்தடியில் போட்டார். மேல் கிளைகளில் விஜயபாஸ்கரின் ஆட்கள் முடிச்சை இறுக்கிக் கட்டியிருந்தார்கள். அவரே ஏறினார். கழற்றினால் நோய் ஏறும் என்று சொன்ன அதே கையால், நகத்தை விட்டு விட்டு ஒவ்வொரு நீலத் துண்டாக அவிழ்த்துக் கீழே கொடுத்தார். அழகுமலை வாங்கி வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டான். அந்த அம்மாள் மேல் எனக்கு இருந்த எரிச்சல் முழுக்க அங்கேயே போய்விட்டது.

கீழே இறங்கியதும் அவர் ஓர் அச்சடித்த தாளை எடுத்துக் காட்டினார். கிணற்றுக்குப் பின்னால் ஒரு சின்ன வயல். புல்லுக்குள் சின்னச் சின்னக் கற்கள், ஒன்றிலும் பெயர் இல்லை. ஞானஸ்நானம் கொடுப்பதற்குள் செத்துப்போன குழந்தைகளுக்கு அந்தக் காலத்தில் கோயில் கல்லறையில் இடம் தரமாட்டார்களாம். அப்பன்மாரே பொழுது சாயும் நேரத்தில் தூக்கிக்கொண்டு போய் அங்கே புதைத்துவிட்டு வருவார்களாம். இதைப் பார்க்க ஆள் வராது என்று அரங்கில் வைக்க வேண்டாம் என்றுவிட்டார்களாம் அவர் ஆபீஸில். வாரம் ஒரு தரம் தானே போய்ப் புல் வெட்டுவதாகச் சொன்னார். "ஒரு துண்டு கொடுத்தால் நான் கொண்டுபோய் அந்தக் குழந்தைகளோடு வைப்பேன். நான் பார்த்துக்கொள்வேன்."

தமிழில் சொன்னேன். அழகுமலை அந்தத் தாளை வாங்கிக் கற்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். தோளில் கிடந்த துண்டுகளில் ஒன்றை எடுத்தான். கொடுக்கப்போகிறான் என்று நினைத்தேன். திரும்பத் தோளிலேயே போட்டுக்கொண்டான்.

"தப்பா நெனைக்க வேண்டாம்னு சொல்லுங்க மாஸ்டர். அங்க அவளுக்கு யாரத் தெரியும்?"

சொன்னதும் அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு தலையசைத்தார். "சரிதான்" என்றார். அழகுமலை கும்பிட்டான். அவரும் பழக்கமில்லாத கையால் ஒரு கும்பிடு போட்டார். எங்களுக்குப் பின்னால் இன்னொரு குடும்பம் போட்டோவுக்கு நிற்க ஆரம்பித்துவிட்டது.

கடைக்குத் திரும்பியபோது முதலாளி அவன் மெஷினைக் காலி செய்து வைத்திருந்தார். அன்றைக்கு அவன் முடிக்க வேண்டிய யூனிஃபார்ம் கட்டு ஈசாவின் பக்கம் மாறியிருந்தது. நீல நூல் கண்டு ஒன்று ஊசியில் கோத்துத் தயாராக இருந்தது. அதையும் ஈசாதான் செய்திருக்க வேண்டும். அவன் தலையைத் தூக்கவில்லை.

அழகுமலை துண்டுகளைத் தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்டான். என் மேஜையில் பரப்பி, பூவுக்குப் பூ பார்த்து அடுக்கினான். நேராகக் கிழிந்திருந்ததால் எது எதன் பக்கம் என்று கண்டுபிடிப்பதில் கஷ்டமில்லை. ஒவ்வொரு ஓரமும் நூல் பிரிந்து போயிருந்தது. அதனால் உள்ளே தாராளமாகப் பிடித்துத் தைக்க வேண்டியிருந்தது. கையில் எடுத்த வேலையை அவன் எப்போதும் எப்படித் தைப்பானோ அப்படியே தைத்தான், அவசரமும் இல்லை, நிதானமும் இல்லை. கீழ் ஓரம் ஒன்றுக்கும் உதவாமல் நைந்திருந்தது. அதை மடக்கினான். அந்தப் புதுநிறக் கோடு இருந்த துணி உள்ளே போய் மறைந்தது. அவன் முதன்முதலில் மடித்த அதே இடத்தில் மடிப்பு வந்து நின்றது. நான் ஒரு வேலையும் ஓடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடித்து நூலைப் பல்லால் கடித்தான். என் மேஜையில் விரித்தான். முழுக் கவுன்தான், கை இருந்தது, கழுத்து இருந்தது. உடம்பெல்லாம் நெடுக்கத் தழும்பு. எனக்குப் பழக்கதோஷம், கழுத்தில் கிடந்த நாடாவை எடுத்து மார்பில் வைத்துப் பார்த்துவிட்டேன். ஆறு வயதுப் பிள்ளைக்கு ஏறவே ஏறாது. ஒவ்வொரு தையலும் கொஞ்சம் கொஞ்சமாகத் துணியைத் தின்றிருந்தது.

"சிறுத்துப்போச்சே அழகு" என்றேன்.

அவன் நாடாவை என் கையிலிருந்து வாங்கினான். மார்பில் வைத்தான், இடுப்பில் வைத்தான், தோளிலிருந்து கீழ் மடிப்பு வரைக்கும் இழுத்துப் பிடித்தான். அப்படியே குனிந்து நின்றான்.

"இல்லங்க மாஸ்டர்" என்றான். "நாலு வயசுல நான் எடுத்த அளவு இதுதான்."